அப்பா கண்டுபிடித்த ஏரி

பேகம்பேட், ஹைதராபாத்
8-3-1987

சிரஞ்சீவி கல்பகத்துக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் கௌரவம் மட்டும் பலமாக அடிபட்டு இப்போதுதான் தேறி வருகிறது. உனக்குக் காமாலை முழுக்கக் குணமாகிவிட்டது, பழையபடி ஆகிவிட்டேன் என்று எழுதி போட்டோவும் வைத்திருந்தாய். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

ஆகாயத்திலிருந்து சாட்டிலைட் எடுக்கும் படத்தைப் பார்த்து எந்த ஊரில் தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் இல்லை என்று அப்பா எழுதி அனுப்புகிறார் அல்லவா, அதை வைத்துத்தான் சர்க்கார் இந்த வருஷம் தண்ணீர் இல்லாத கிராமங்களுக்குப் போர் போடுகிறது. வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தர நான் வேண்டும், ஐநூறு மைல் உயரத்துப் படத்தில் மட்டும் இவருக்கு ஊர் ஊராகக் குளம் தெரியும். ஜனவரியில் ஒரு நாள் நம் வீட்டு வேலைக்கார நாகம்மா அழுதுகொண்டே வந்தாள். சங்காரெட்டிக்கு அப்பால் இருக்கும் அவள் ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம், பக்கத்திலேயே பெரிய ஏரி இருப்பதாகப் படத்தில் தெரிகிறதாம். ஏரி இருந்தா நான் எதுக்கும்மா இங்க வந்து பாத்திரம் தேய்க்கறேன், என் பொண்ணு இஸ்கூல விட்டுட்டு ரெண்டு மைல் நடந்து குடம் தூக்கறா என்றாள். படம் பார்த்த புண்ணியவான் யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவர் ஹாலில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், வெகு நேரம் பக்கமே புரளவில்லை.

சாயங்காலம் படத்தை விரித்து, இதோ பார் கறுப்பாக, தண்ணீர் இப்படித்தான் தெரியும், சாட்டிலைட் பொய் சொல்லாது என்றார். நாகம்மா பத்து வருஷத்தில் ஒரு ஸ்பூன் தொலைத்ததில்லை, உங்கள் சாட்டிலைட்டை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்றேன். அவருக்கு ரோஷம் வந்து, அந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பஸ்ஸில் நாகம்மாவும் சேர்த்து மூன்று பேரும் போனோம், ஏரிக்கரையில் சாப்பிடலாம் என்று தயிர்சாதம் வேறு கட்டச் சொன்னார். பத்து மணிக்கு, படத்தைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று நடந்தவர் ஒரு பெரிய பாறைக்குன்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். குன்றின் நிழல் கறுகறுவென்று விழுந்திருந்தது, அதில் நாலு ஆடு படுத்திருந்தது, சொட்டு ஈரம் கிடையாது. சாட்டிலைட் காலை வேளையில்தான் படம் எடுக்குமாம். நாகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஏரியின் நட்டநடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏரி நகர்ந்துகொண்டே போனதால் இலையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை இடம் மாறினோம்.

திரும்பும்போது அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிப்ரவரியில் புரமோஷன் இன்டர்வியூ, மேலதிகாரி ஸ்ரீனிவாசன் இவரைவிடப் பத்து வயது சின்னவர், ஷபாஷ் என்று சுவரில் மாட்டி வைத்ததும் இதே படத்தைத்தான். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று பட்டான்செரு தாண்டும்போது தானாகவே சொன்னார். நாகம்மாவுக்குத் தெரியும் என்றேன். அவள் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் போய், அது ஏரி இல்லை நிழல், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். புரமோஷன் வேறொருவருக்குப் போயிற்று, எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆபீஸில் இப்போது யாராவது மரத்தடியில் நின்றால் நீச்சல் தெரியுமா என்று கேட்கிறார்களாம்.

ஆனால் அவர் விடவில்லை. படத்தில் குன்றுகளுக்குப் பக்கத்தில் தெரிந்த மற்ற ஏரிகளையெல்லாம் ஜீப்பில் போய்ப் பார்த்ததில் இன்னும் நாலு நிழல் அகப்பட்டது, நாலு ஊரும் பட்டியலில் ஏறிவிட்டது. நாகம்மா ஊரில் பாறைக்கு நடுவே ஒரு விரிசல் அதே படத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்ததாம். அந்தக் கோட்டின்மேல் நிற்கும் கருவேல மரம் மட்டும் மே மாதத்திலும் பச்சையாக இருக்கும் என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்களாம். இரண்டும் ஒத்துப்போக, அங்கேயே போர் போட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை நூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்துவிட்டது. நாகம்மா ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். காய்ச்சாத தண்ணீரைத் தொடாத மனுஷர் சமையலறையில் நின்றபடியே குடித்தார். கொஞ்சம் உப்பு என்றார், இன்னொரு டம்ளர் கேட்டார். அவள் பெண் நாளை திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகப்போகிறாள்.

இப்போது உன் போட்டோ. பூசினாற்போல் இருக்கிறாய் என்று முதலில் தோன்றியது. நன்றாகப் பார்த்தால் எல்லாம் ஸ்வெட்டர். அப்பாவிடம் காட்டி, குழந்தை தேறியிருக்கிறாளா சொல்லுங்கள் என்றேன். வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார், பிறகு, போட்டோவை வைத்து நான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு நேராக செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய் ராஞ்சி வருவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். இருபத்தெட்டாம் தேதி காலை வந்து சேருவோம். நெல்லிக்காய் கொண்டுவருகிறேன். வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு. முக்கியமாக ஒன்று, ஸ்டேஷனுக்கு ஸ்வெட்டர் போடாமல் வா.

இப்படிக்கு உன் அம்மா,
அபயாம்பாள்