சுபைதா வீட்டுத் தண்ணீர்

சிவமயம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.07.1974

அன்புள்ள தம்பி கதிர்காமுவுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நீயும் பூரணியும் பிள்ளைகளும் அந்த நுவரெலியாக் குளிரில் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காளி கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை.

உன் அத்தானைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். வயிற்றில் புற்றுநோய். இனி வெட்டிப் பிரயோசனம் இல்லை, வீட்டில் வைத்து விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று பெரிய டொக்டர் சொன்னார். கொடுக்கலாம், அது வயிற்றில் நின்றால்தானே. ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போனால் இரண்டு கரண்டி வெளியே வருகிறது. இருபது வருஷம் மூதூர் லோஞ்ச் ஓட்டின மனுசன், மாரிக் கடலிலும் கொட்டியாரக் குடாவைக் கடந்து சனத்தைக் கரை சேர்த்தவர், இப்போது கட்டிலில் இருந்து குசினி வரைக்கும் என் தோளைப் பிடித்துத்தான் வருகிறார். எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் மற்றத் தோளைப் பிடித்திருக்கும்.

உனக்கும் அவருக்கும் கதை பேச்சு இல்லை என்பதை மறந்துவிட்டு எழுதவில்லை. அம்மா செத்த அன்று நீ மலையிலிருந்து வந்து சேருமுன் பிரேதத்தை எடுக்கச் சொன்னவர் அவர்தான். வெயில், தாங்காது என்றார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் சுடலைக்கு வந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாய் நீ இந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தீபாவளிக்குக் கடிதம் போடுகிறாயே, அதுவே எனக்குப் பெரிது. இப்போது பழைய நியாயம் கதைக்க வரவில்லை. ஒரு உதவி கேட்டு வந்திருக்கிறேன்.

போன தீபாவளிக் கடிதத்தில், உங்கள் பூக்கன்றுத் தோட்டத்தில் கிளைத் துண்டுகளை மண்ணில் ஊன்றாமல் ஒருவகை மலைப் பாசியில் வைத்து வேர் விடப் பண்ணுவதாக எழுதியிருந்தாய். காய்ந்து சருகானாலும் நனைத்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாய். அந்தப் பாசியில் ஒரு சாக்கு எனக்கு வேண்டும். மணலிலும் தும்புத் தூளிலும் வைத்துப் பார்த்துவிட்டேன், இந்த வெயில் காய்ச்சலில் எல்லாம் கறுத்துச் சாகிறது. என்ன செடி என்று இப்போது கேட்காதே.

வழியெல்லாம் அரிசி, மிளகாய் கடத்துகிறார்களா என்று மறித்துச் சாக்கைக் குத்திப் பார்க்கிறார்களாம். ஆகவே மேலே பாசி என்று பெரிதாக எழுதிவிடு. பாசி தின்னுகிற நிலைமை இன்னும் வரவில்லை. இந்தப் பஞ்சத்தில் அதுவும் வந்தாலும் வரும். கெதியாய் அனுப்படா தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா இராசமலர்


சிவமயம்

திருகோணமலை,
25.08.1974

அன்புத் தம்பிக்கு,

சாக்கு வந்த கையோடு எழுதியிருக்க வேண்டும். எழுத நேரமும் இல்லை, மனமும் இல்லை. உள்ளே நீ வைத்த துண்டுக் கடதாசியும் கிடைத்தது. இளம் நுனியை எடு, சரித்து வெட்டு, கிணற்றுத் தண்ணீர் விடாதே, உவர் பாசியில் தங்கி வேரை எரிக்கும், வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்காதே. இவ்வளவும் எழுதினவனுக்கு அக்கா என்று ஒரு சொல் எழுத மை காணாமல் போய்விட்டது. பரவாயில்லை, பாசி அனுப்பினாய்.

என்ன செடி என்று சொல்லாமல் உன்னை இதற்குள் இழுத்தது சரியில்லை. அது கஞ்சா. எழுதிவிட்டேன். வாசித்ததும் கடிதத்தை அடுப்பில் போடு.

கட்டைபறிச்சானில் முத்தன் பரிசாரி இருக்கிறார், நாட்டு வைத்தியம் பார்க்கிறவர், அத்தானின் லோஞ்சில் காசு கொடுக்காமல் வந்து போன மனுசன். அத்தானின் நிலையைக் கேள்விப்பட்டு ஒரு லேகியம் கொண்டுவந்து தந்தார். அதில் அந்த இலை சேருகிறது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று கொடுத்தேன். அன்றைக்கு அத்தான் ஒரு கோப்பை கஞ்சி குடித்தார், அது வயிற்றில் நின்றது, மத்தியானம் வரை நல்ல நித்திரை. எழும்பி என்னைப் பார்த்து, “மலர், நீ வரவர கொம்மா மாதிரியே வாறாய்” என்று பகிடி விட்டார். அவர் வாயில் பகிடி கேட்டு எத்தனை மாசம். எங்கள் அம்மாவை இழுத்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பிறகு கலால்காரர் வந்து முத்தனின் வளவில் நின்றதையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டார்கள். பற்றைக்குள் ஒரேயொரு செடி தப்பியது. அதன் நுனிகளை வெட்டி ஈர வாழை மட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். விதை தந்தால் சுகம்தானே என்று கேட்டேன். விதையில் ஆணா பெண்ணா என்று பூக்கும் வரை தெரியாது, ஆண் செடி மருந்துக்கு உதவாது, வெட்டி வைத்தால் தாய் எதுவோ பிள்ளையும் அதுதான் என்றார். ஆண் உதவாது என்பதை நான் கலியாணம் முடித்த கிழமையே கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். அத்தான் கட்டிலில் கிடந்து சிரித்தார்.

வெளியே வைக்க ஏலாது. பின் வளவில் ஒரு பொலிஸ்காரர் குடியிருக்கிறார். அவருடைய பெண்சாதி எங்கள் மதிலால் எட்டிப் பார்த்தபடிதான் பல் தீட்டுவாள். அதனால் அத்தானின் சாமான் அறையை ஒதுக்கி, தகரத் தட்டுகளில் உன் பாசியைப் பரப்பி, மணலில் செத்தவைக்குப் பதிலாக முத்தனிடம் வாங்கின நுனிகளை ஊன்றி, யன்னலைச் சாத்தி வைத்தேன். கூரையில் இருக்கிற இரண்டு கண்ணாடி ஓட்டால் வெளிச்சம் வருகிறது.

தண்ணீருக்குத்தான் கஷ்டம். எங்கள் கிணறு ஆடி ஆவணியில் கடல்தான். ஓர்ஸ் ஹில் மேட்டில் சுபைதா வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. அவள் புருசன் ஸெய்னுதீன் அத்தானோடு லோஞ்சில் நின்றவர், உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தானை அவள் நாநா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். காலையில் குடத்தோடு ஏறிப்போவேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. “மலரக்கா, உங்கட கிணத்துத் தண்ணி தேத்தண்ணிக்கும் ஆகாது” என்று தானே ஒரு காரணமும் கண்டுபிடித்துத் தந்தாள்.

தலை சாய்ந்து கிடந்த துண்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எனக்கும் உயிர் வந்தது. லேகியம் முடிந்துகொண்டு போகிறது, இவை தளிர்த்தால் முத்தன் அடுத்ததைக் கிண்டலாம் என்று இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் பாண் வாங்க வரிசையில் நின்று வர மத்தியானம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் கட்டிலில் ஆளில்லை. சாமான் அறையில், வெறும் வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறார். மூச்சு இழுக்கிறது. தன் கையால் கிணற்றில் அள்ளி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, எல்லாத் தட்டுக்கும் நிறைய ஊற்றியிருக்கிறார். உவர்த் தண்ணீர் கூடாது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை, தம்பி. எழும்பாத மனுசனுக்கு அதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வாய் உனக்குத் தெரியும்தானே. “ஆர் உங்களை எழும்பச் சொன்னது? செத்தாலும் சும்மா கிடக்க மாட்டீங்களோ?” என்று கத்திப்போட்டேன். பொலிஸ்காரர் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவர் வெறும் வாளியைச் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, “நாங்கள் குடிக்கிற தண்ணிதானே மலர். எனக்காக நீ தினம் மலை ஏறி இறங்கிறாய். ஒரு வாளியாவது நானும் அள்ளுவம் எண்டு பாத்தனான்” என்றார்.

பாசியைப் பிழிந்து பிழிந்து நல்ல தண்ணீரில் கழுவினேன். இலைகளின் ஓரம் முதலில் எரிந்தது, அந்தக் கிழமை முடியுமுன் எல்லாம் கறுத்துவிட்டது. அவரும் அன்றைக்குப் படுத்தவர்தான், பிறகு எழும்பவில்லை. முந்தநாள் லோஞ்சில் போய் முத்தனிடம் திரும்பவும் நுனி வாங்கி வந்து, மிச்சமிருந்த பாசியில் வைத்திருக்கிறேன். அந்தச் செடியில் இனி வெட்ட ஒன்றும் இல்லை. லேகியமும் வழித்து எடுத்தாயிற்று.

நீ அனுப்பின பாசி என்று நேற்று அவரிடம் சொன்னேன். “வெயில் எண்டு நான் சொன்னது மெய்தான். ஆனா பொழுதுபடுமட்டும் அவனைப் பாத்திருக்கலாம்” என்றார். உனக்கு எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

பூரணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. அத்தானுக்கு நோவு குறைய வேண்டும் என்று நேர்ந்துகொள். எழும்பி நடக்க வேண்டும் என்று நான் இப்போது கேட்பதில்லை.

அக்கா
இராசமலர்


சிவமயம்

திருகோணமலை,
23.09.1974

தம்பி,

அத்தான் போய்விட்டார். ‘சின்னப்போடி காலமானார்’ என்று ஸெய்னுதீன் அடித்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். நீ வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. புறப்பட்டு வந்தாலும் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பாய், அப்படி நினைக்க உனக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் பொழுதுபடும் வரை பார்த்திருந்தோம். ஐயரும் பந்தல்காரரும் அவசரப்படுத்தினார்கள். நான் படலையடியை விட்டு அசையவில்லை. கடைசி பஸ்ஸும் வந்து போன பிறகுதான் எடுக்க விட்டேன். அவருடைய தமையன் மகன் கொள்ளி வைத்தான்.

கடைசி நாட்கள் மிகவும் கொடுமை. ஆஸ்பத்திரி ஊசி கொஞ்ச நேரத்தில் விட்டுப்போகும். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் ஓடிப்போய் அந்தத் தட்டுகளைப் பார்ப்பேன், திரும்பி வந்து அவரைப் பார்ப்பேன். இழுத்துப் பார்க்காதே என்று நீ எழுதியிருந்தபடியால் கையை வைக்கவில்லை. செடிக்கு அவசரம் தெரியுமா என்ன. ஒரு நேரம், ஒரேயொரு நேரம் அவர் நோவில்லாமல் சாப்பிட்டுப் படுக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அது கிடைக்கவில்லை.

அவரிடம் அந்தப் பேச்சுக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் சாகப் போகிறார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். இன்றைக்குக் கேட்பம், நாளைக்குக் கேட்பம் என்று வைத்திருந்தேன். செத்தாலும் சும்மா கிடக்க மாட்டீங்களோ என்று கேட்டவள் நான், இப்போது அந்தக் கட்டிலைப் பார்க்க ஏலாமல் அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக் கிரியை முடிந்த அடுத்த நாள் சாமான் அறையைக் கழுவி விடுவோம் என்று திறந்தேன். இத்தனை நாளும் செத்த வீட்டுச் சனத்துக்குள் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. எல்லாம் காய்ந்து கிடக்கும் என்று நினைத்தேன். பாசி ஈரமாக இருந்தது. தட்டின் விளிம்பால் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாவற்றிலும் புதுத் தளிர். சுபைதாதான், தம்பி. தினமும் விடியற்காலை ஸெய்னுதீனின் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து, பின் கதவால் போய்த் தெளித்துவிட்டுப் போயிருக்கிறாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டதற்கு, “நாநாவுக்கெண்டு வெச்சதுதானே அக்கா, எப்பிடிக் காய விடுற?” என்றாள்.

நான் அந்த நிலத்தில், அவர் இருந்த இடத்தில் இருந்து ஓவென்று குழறினேன். பிரேதம் எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை.

முத்தன் பரிசாரி துக்கம் விசாரிக்க வந்தார். தாருங்கோ பிள்ளை, நான் கொண்டுபோறன், நோவென்று வருகிற சனத்துக்கு உதவும் என்றார். ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு பார்ப்பம் என்று அனுப்பிவிட்டேன். பொலிஸ்காரர் வீட்டு மதிலுக்கு இப்பால் இதை வைத்திருப்பது விசர் வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் பிடுங்கி எறிவம் என்றுதான் உள்ளே போகிறேன். தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வருகிறேன். காலையில் கண் விழித்தால் கால் தன்பாட்டில் ஓர்ஸ் ஹில் ஏறுகிறது. சுபைதா குடத்தை வாங்கிக் குழாயடியில் வைக்கிறாள். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் பக்கத்து அறையில் கிடக்கிறார் என்ற நினைப்பில் இருக்கிறேன். விட்டுவிட்டால் அதுவும் போய்விடும்.

அடுத்த மாதம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கன்னியாவில், வெந்நீர்க் கிணற்றடியில் செய்கிறோம். கிரியையைத் தமையன் மகன் செய்வான், நீ செய்ய வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. முதல்நாளே வந்து வீட்டில் தங்கு. அந்த அறைக்குள் நான் உன்னோடு வருவேன். நீ கன்றுகளைப் பார்த்துவிட்டு, “காணும் அக்கா, இனி விடு” என்று ஒரு சொல் சொல்லு. தோட்டக்காரன் சொன்னால் கேட்கலாம். வேறு யார் சொல்லியும் என்னால் விட ஏலாது.

பூரணியும் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பூரணியோடு கோபம் வந்தால் ஒரு சொல்லைக் குறைத்துப் பேசு. வா தம்பி.

உன்னைப் பார்த்திருக்கும்,
அக்கா இராசமலர்