சத்தம் போனது கேசட்டில் இல்லை

அம்மா, எழுதப் படிக்கத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுகிறேன். பொறுத்துக்கொள். நேரில் பேச வேண்டியதை நேரில் பேசாமலே விடுபவள் நான் என்று உனக்குத் தெரியும்.

இன்று பீரோவைத் துடைத்தபோது அந்த ஒயர் கையில் வந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனைகள். என் காதுகுத்து வீடியோ கேசட்டை லேப்டாப்பில் ஏற்றுவதற்காகக் கல்லூரிக் கடைசி வருடத்தில் வாங்கியது. ஆரணி பஜாரில் டிவி ரிப்பேர் செய்பவரிடம் கேசட் ஓட்டும் பழைய டெக்கை இரவல் வாங்கி வந்தேன். நீயும் அப்பாவும் தறிக்குப் போயிருந்தீர்கள்.

ஏவிஐ கோப்பாகப் பதிந்தால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் இடத்தை அடைக்கும் என்று படித்திருந்தேன். அப்படியே பதிந்தேன். திரையில் நீ, இப்போதைய என் வயதில், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடியோக்காரரை அதட்டினாய்: "இன்னாங்க, என்னையே புடிச்சிகினு இருக்கீங்க? எங்க அண்ணன் வந்ததுலருந்து மீசைய முறுக்கிகினு நிக்கிறாரு. அவர புடிங்க, இல்லன்னா பேஜாரு!" தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கேசட்டைத் திருப்பிச் சுற்றியபோது டெக் நாடாவைக் கடித்து நார் நாராக்கிவிட்டது.

விடுதியில் பிரிவுபசார விழாவுக்கு ஆளுக்கொரு சிறுவயது வீடியோ கேட்டிருந்தார்கள். முதல் வருடத்தில் நான் "சாப்ட்டுகினு இருக்கேன்" என்று சொன்னதற்கு, "இன்னா மே, துன்னுகினு கீறியா?" என்று அறைத்தோழிகள் வாரம் முழுக்கக் கேலி செய்தார்கள். அதன் பிறகு என் பேச்சை மாற்றிக்கொண்டேன். உன் பேச்சை என்ன செய்வது? எடிட்டிங் மென்பொருளில் ஒலியை மட்டும் பிரித்து அழித்தேன். அந்த இடத்தில் நாதஸ்வரத்தை வைத்து, சிறிய எம்பி4 கோப்பாக்கினேன். லேப்டாப்பில் இடமில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு உன் குரல் இருந்த ஏவிஐயையும் நீக்கினேன். கேசட் இனி ஓடாது என்று தெரிந்தேதான் நீக்கினேன். உன் குரலைத்தான் தினமும் கேட்கிறோமே என்ற நினைப்பு.

நீ அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நான் வாய அசைக்கிறேன், நாதஸ்வரம் வருது?" என்றாய்.

"கேசட்டுல சத்தம் கெட்டுப்போச்சும்மா."

"போனா போவட்டும். நான் இன்னா, பாட்டா பாடிகினு இருந்தேன்?"

நீ போய் எட்டு மாதமாகிறது. தறியிலிருந்து எழுந்ததும் அப்பா அந்த வீடியோவைப் போனில் போட்டு உன் உதட்டையே பார்க்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "கேசட்ட டிவி மேலயே வச்சிகினு இருந்தேன். சூட்டுல கெட்டுப்போச்சி. என் தப்புதாம்மா. அன்னிக்கு உங்கம்மா இன்னா சொன்னாளோ!" என்றார். நான் சோறு போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நாளை ஞாயிறு. தறி ஓடாது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். திட்டாமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை. பிறகு, நீ அன்று என்ன பேசினாய் என்று கேட்பார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். செய்தி வாசிப்பதுபோல வந்தது.

செய்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, அம்மா. வேறொன்று கேட்கிறேன். நாளை அப்பா எதிரில் உட்காரும்போது, அந்த நாலு வரிக்கு மட்டும், உன் பேச்சை என் வாய்க்குக் கொடு.