நாற்பதுக்குக் கீழே

அம்மா,

குளியலறைக் கதவுக்குப் பின்னால் துண்டு மாட்டும் கொக்கியில் உன் நெஞ்சுப்பட்டை இன்னும் தொங்குகிறது. கறுப்பு எலாஸ்டிக், நடுவில் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. சைக்கிளில் ஏறும் முன் ஜெர்சிக்கு அடியில் கட்டிக்கொள்வாய். உன் இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று அது உன் கைக்கடிகாரத்திடம் கோள்மூட்டிக்கொண்டே இருக்கும். இன்று காலை அவசரத்தில் துண்டை இழுத்தேன், பட்டை என் தோளில் விழுந்தது. வியர்வை உப்பு ஏறி, விறைத்துப்போய், கருவாடு மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதே. பந்தயம் முடிந்து வந்து என்னைக் கட்டிப்பிடிக்க வருவாயே, "சீ, நாறுது, தள்ளிப் போம்மா" என்று நான் கூடம் முழுக்க ஓடுவேனே, அந்த வாசனை. இன்று ஓடவில்லை. கல்லூரிக்கு அரைமணி நேரம் தாமதம்.

அப்பா அதை எடுக்கவும் மாட்டார், எடுக்க விடவும் மாட்டார். உன் சைக்கிளைக்கூட, உன்னோடு பந்தயம் ஓட்டிய பாஸ்கர் அங்கிள் கேட்டதும் கொடுத்துவிட்டார். பட்டையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. பதினைந்து வருடம் நீ பந்தய சைக்கிள் ஓட்டினாய். கிழக்குக் கடற்கரைச் சாலையின் லாரி, ராங் சைடில் வரும் ஆட்டோ, மழைக்குப் பிந்தைய பள்ளம், எல்லாவற்றுக்கும் நாங்கள் பயந்தோம். எதுவும் உன்னைத் தொடவில்லை. உன் இதயம் மெதுவாகத் துடித்தது. மேலும் மேலும் மெதுவாக. அந்த எண்ணை நாம் மூன்று பேரும் தினமும் பார்த்தோம். பார்த்துக் கைதட்டினோம்.

உன்னை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வார நாட்களில் நீ தேனாம்பேட்டை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, டிபன் பாக்ஸ், மடித்து வைத்த குடை. ஞாயிற்றுக்கிழமை ராட்சசி. காலைப் பூசைக்கு உன்னைச் சாந்தோம் சர்ச்சில் யாரும் பார்த்ததில்லை. மாலைப் பூசையில் கால் வலியோடு முழங்காலிட்டு, ஒவ்வொரு தடவை எழும்போதும் "யேசுவே" என்பாய். பக்தி என்று பக்கத்து பெஞ்சு நினைக்கும். தொடைவலி என்று எனக்குத் தெரியும்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் எப்போதும் நாலே பேர். பதக்கம் மூன்று.

"பெடல் மிதிச்சா மெடல். அந்த நாலாவது ஆன்ட்டிக்குத்தான்மா பாராட்டு விழா எடுக்கணும்."

"பொறாமைடி உனக்கு. நீ வந்து ஓட்டு, அஞ்சு பேராவோம்."

நான் வரவில்லை. எனக்கு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாலே மூச்சு வாங்கும்.

நம் ஊரில் மலை ஏது? மேம்பாலம்தான் மலை. ஆழ்வார்பேட்டை மேம்பாலத்தில் விடியற்காலையில் ஏறி இறங்கி, திரும்பி ஏறி இறங்கி, கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் உன்னை நிறுத்தினார். "மேடம், எதனா தொலச்சிட்டீங்களா? நானும் தேடவா?" அதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாய். இன்னொரு நாள், அடையாறு சிக்னலில் விலை உயர்ந்த சைக்கிளில் நின்ற ஒரு பையன் "ஆன்ட்டி, ஓரமா போங்க" என்றானாம். பாலம் முடிவதற்குள் அவன் உன் பின்சக்கரத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆன்ட்டி என்றவனை ஆன்ட்டி-க்ளாக்வைஸில் சுற்றவிட்டாய் என்று நான் சொன்னேன். அப்பா அந்த ஜோக்குக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டார். கணக்கு வாத்தியார், ஜஸ்ட் பாஸ் தாண்டி மனசு வராது.

திரும்பும் வழியில் ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கி, பையோடு ஜெர்சியின் முதுகுப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு வருவாய். ஒருதரம் நான் கூட இருந்தபோது மீன்காரம்மா உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாக்கா, ஹெல்மெட்டு போட்டுகினு மீனு வாங்க வந்துகிற? நெத்திலி கடிக்காதுக்கா."

"கடிக்காட்டியும் பரவால்ல, விலைதான் கடிக்குது" என்றாய். எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று அப்பா இனிமேல் யாரிடம் கேட்பார்?

உன்னை ஏமாற்ற என்னால் முடிந்ததே இல்லை. உன் சீட்டுக்குப் பின்னால் சிவப்பு "L" ஒட்டினேன். அப்படியே பந்தயம் ஓட்டி, வெள்ளிப் பதக்கம் வாங்கி, ஒட்டியதைக் கிழிக்காமல் வீடு வந்தாய். உப்புத்தண்ணீர் பாட்டிலில் ரசம் ஊற்றி அனுப்பினேன். பந்தயத்தில் பாதித் தூரம் போய் ஒரு வாய் குடித்திருக்கிறாய். மதியம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாய்.

"வாலு, பாட்டில்ல என்னடி ஊத்தின?"

"ரசம்மா. மிளகு தூக்கலா."

"அடுத்த வாரம் பெருங்காயத்தைக் கொஞ்சம் குறை."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லாப் பந்தயத்துக்கும் ஒரு பாட்டில் ரசம். என் குறும்பு எனக்கே வேலையாக முடிந்தது.

உன் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப் பழக்கத்தைச் சொன்னால் என் தோழிகள் நம்புவதில்லை. ஊரில் மற்றவர்கள் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லும் நேரத்தில் நீங்கள் நாடித்துடிப்பு அனுப்பினீர்கள். படுக்கையை விட்டு எழும் முன் கடிகாரம் காட்டும் எண். ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தைந்து. எண் எவ்வளவு கம்மியோ அவ்வளவு கெத்து. இதயம் பலமாக இருந்தால் ஒரே அடியில் நிறைய ரத்தம் தள்ளும், அடிக்கடி அடிக்கத் தேவையில்லை என்று எனக்கு விளக்கினாய். அது பொய்யில்லை. பாஸ்கர் அங்கிள்தான் உங்கள் குழுவில் மூத்தவர், நல்லவர், அவருக்கே ஐம்பதுக்குக் கீழே வந்ததில்லை. உனக்கு நாற்பத்து மூன்று. "உன் இதயம் கவர்மென்ட் ஆபீஸ்மா, டோக்கன் வாங்கி உட்கார்ந்தாதான் ஒரு துடிப்பு வரும்" என்றேன். அதை நீ குழுவில் போட்டாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அந்தக் காலை. கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாய். முப்பத்தெட்டு.

அப்பா கேக் வாங்கி வந்தார். மேலே க்ரீமில் "38" என்று எழுதச் சொல்லியிருக்கிறார். மாலையில் நாம் மூவரும் கேக்கில் பேர் சேர்க்கக் கடைக்குத் திரும்பப் போனோம். கடைக்காரர் உன்னைப் பார்த்து, "அக்காவுக்கு முப்பத்தெட்டா? பாத்தா தெரியவே இல்ல" என்றார். உனக்கு நாற்பத்தேழு. வீடு வரை தரையில் கால் படாமல் நடந்தாய். மூன்று, எட்டு என்று இரண்டு மெழுகுவத்தி வைத்தோம். நீயே ஊதி அணைத்தாய். நான் வீடியோ எடுத்தேன். அதை இன்னும் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மேம்பாலத்தில் உன்னை மற்றவர்கள் முந்த ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாடிக்குக் காய்கறிப் பையோடு ஏறும்போது இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்தாய். ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிரும்போது சுவரைப் பிடித்தாய். "அதிகமா ட்ரெய்னிங் பண்ணிட்டீங்க, உடம்பு ஓய்வு கேக்குது" என்றார் பாஸ்கர் அங்கிள். ஓய்வு எடுத்தாய். காலை எண் இன்னும் இறங்கியது. "பாத்தியா, ஓய்வு வேலை செய்யுது" என்றாய். அப்பா எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் கொடுத்தார்.

"கால் பொய் சொல்லும், பட்டை சொல்லாது" என்பது உன் வாக்கு. வலிக்கிறது, முடியாது என்று கால் கெஞ்சும். கேட்காதே, பட்டை காட்டும் துடிப்பைப் பார், இன்னும் இடமிருக்கும் என்பாய். ஆனால் அந்த மாதம் மேம்பாலத்தில் உயிரைக் கொடுத்து மிதித்தும் எண் ஏறவே இல்லை. நூற்றைம்பதைத் தாண்ட வேண்டியது எழுபதில் நின்றது. பட்டை உண்மையைச் சொன்னது. நாம் என்ன செய்தோம்? பட்டை பழசாகிவிட்டது என்றோம். அப்பா கடைக்குப் போய் பேட்டரி மாற்றி வந்தார். புது பேட்டரியும் எழுபதைத்தான் காட்டியது. "டூப்ளிகேட் பேட்டரிப்பா" என்று நான் சொன்னேன்.

அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமிலும் உன்னைப் படுக்கவைத்து ஒயர் மாட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்துத் தயங்கினாளாம். "மேடம், நீங்க ஸ்போர்ட்ஸா?" பெருமையாக "சைக்கிள் ரேசர்" என்றாய். "அதான் பார்த்தேன்! சூப்பர் மேடம், ஆனா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்றாளாம். நீ எங்களிடம் சொன்னது "சூப்பர் மேடம்" வரைக்கும்தான். மீதியை அவளே உன் அடக்கத்துக்கு வந்து, வாசலில் நின்று, அழுதுகொண்டு சொன்னாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

தி. நகர் போன நாளைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகப் பார்த்தேன். முடியவில்லை. மாமா பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நீயும் நானும் போனோம். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் மலை மலையாக விரித்துப்போட்டார்.

"எக்கா, இந்த மயில்கழுத்துக் கலரப் பாருங்க. உங்களுக்குன்னே நெய்த மாதிரில்லா இருக்கு."

விலைச் சீட்டைத் திருப்பினாய். திருப்பியபடியே மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாய்.

"விலையப் பாத்தே மயக்கமா? அண்ணே, எங்கம்மாவுக்கு ஒரு சோடா!" என்றேன்.

அவர் சிரித்தார். பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த குடும்பமே சிரித்தது. நீயும் பாதிச் சிரிப்பு சிரித்தாய். "கொழுப்புடி உனக்கு" என்றாய். பிறகு அந்தப் புடவைகளின் மேலேயே மெல்ல சரிந்தாய். ரசத்துக்கும் "L"க்கும் சேர்த்து வைத்துப் பழிவாங்குகிறாய் என்று நினைத்தேன் அம்மா. ஒருவழியாக என்னை ஏமாற்ற வந்துவிட்டாய் என்று. "எழுந்திரு, நடிப்பு போதும், நூத்துக்கு முப்பத்தஞ்சு" என்றேன். நீ எழவில்லை.

அது என் தப்பு என்று எழுத வரவில்லை. தப்பு என்று யாராவது இருந்தால் கோபப்பட்டுத் தொலைக்கலாம். அந்தத் தெருவைச் சொல்லலாமா? ஆம்புலன்ஸ் மனிதக் கடலில் மாட்டிக்கொண்டது. இருபது ரூபாய்க்கு ஹேர்கிளிப், ஐம்பதுக்கு நைட்டி என்று ஒலிபெருக்கிகள் அலறின. ஒரு பூக்காரம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் ஓடினார்.

"யோவ், வண்டிய ஓரங்கட்டு! உள்ள ஒரு பொண்ணு அம்மாவ வச்சிகினு அழுதுகினு கீது, நீ இன்னா வேடிக்க பாத்துகினு கீற? நைனா, வழி வுடு!"

வழி விடத்தான் பார்த்தார்கள். எல்லாருமே நல்லவர்கள். ஆனால் ஒதுங்க அவர்களுக்கு இடமில்லை. இந்த நெரிசலில் நீ சைக்கிளில் மீன் மாதிரி நெளிந்து போயிருப்பாய் என்று யோசித்துக்கொண்டு, உன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் கையோடு ஓடி வந்தார். திரையில் உன் துடிப்பு இருபத்தாறு என்று காட்டியது. ஏதோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா நர்ஸிடம் சொன்னார், "பயப்படாதீங்க சிஸ்டர், அவங்க சைக்கிள் ரேசர். அவங்களுக்கு எப்பவுமே கம்மியாதான் இருக்கும்." அந்தக் குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது அம்மா. டாக்டர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். "சார், பயிற்சியால குறையிறது வேற. இது இதயத்துல மேலேர்ந்து கீழ போக வேண்டிய கரண்ட் போகாம நிக்கிது. ரெண்டும் கையில புடிச்சுப் பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்."

இதயத்துக்குள் ஒயர் வைத்து, கரண்ட் கொடுத்துத் துடிப்பை எழுபதுக்கு ஏற்றினார்கள். எழுபது! உன் குழுவில் அந்த எண்ணைப் போட்டால் வாழ்நாள் முழுக்க ஓட்டுவார்கள். எழுபதில் சீராக, அழகாகத் துடித்தது. ஆனால் மூளைக்கு ரத்தம் போகாத நேரம் அதிகமாகிவிட்டதாம். கண் திறக்காமலே, இரண்டாம் நாள் மதியம் போய்விட்டாய். ஓய்வுத் துடிப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். ஓயப்போகும் துடிப்பு என்று வாயாடி எனக்குக்கூடத் தோன்றவில்லை.

உன் குழு இப்போது காலையில் பூப்படம்தான் அனுப்புகிறது. பாஸ்கர் அங்கிள் ஆரம்பித்து வைத்தார். நேற்று செம்பருத்தி.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாருடைய கை கிடைத்தாலும் மணிக்கட்டில் விரல் வைத்துவிடுகிறேன். வகுப்பில் "நாடி ஜோசியம் பாக்கிறேன், கையக் குடு" என்று ஏமாற்றி எல்லார் நாடியையும் எண்ணிவிட்டேன். "உனக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று வாய் சொல்லும், மனசு எண்ணிக்கொண்டிருக்கும். எழுபத்தொன்று. அறுபத்தாறு. பின் பெஞ்சு ஹாக்கிக்காரிக்கு ஐம்பத்துநாலு. அவளைப் பிடித்து உலுக்கி, டாக்டரிடம் போய்த்தான் ஆகவேண்டும் என்று அழுதேன். போனாள். ஒன்றுமில்லையாம், நல்ல பலமான இதயமாம். அவள் என்னோடு பேசுவதில்லை.

இன்று சாயங்காலம் அப்பா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். சிவப்புப் பேனாவை மெல்ல எடுத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன். விழித்துக்கொண்டார். கையை இழுக்கவில்லை.

"எவ்ளோடி?"

"எண்பத்தி நாலுப்பா."

"நல்லதா?"

நூற்றுக்கணக்கில் பதில் வைத்திருக்கும் வாய் இது.

"தெரியலப்பா."

அவர் சட்டைக் கையை இன்னும் சற்று மேலே தள்ளிவிட்டு, கையை மறுபடி என்னிடம் நீட்டினார்.

"சரி. இன்னொரு தடவ எண்ணு."