நாலு ஊர், ஒரு ‘போறேன்’

பிப்ரவரி 7, வெள்ளி. காந்திபுரம்

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். லாட்ஜ் அறை ஜன்னலுக்குக் கீழே பஸ் ஸ்டாண்டு. கால்மணிக்கு ஒரு தரம் பல்லடம் பல்லடம் என்று கூவுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

வாங்க: பனங்கற்கண்டு, மிளகு, ஊக்கு ஒரு அட்டை, வாக்மேனுக்கு பேட்டரி 2.

போஸ்டர் வந்தது. ‘மோனா – முதல் இசைப் பயணம்’. கம்பெனி வைத்த பெயர். கலாமணி என்றால் கேசட் விற்காதாம். முகத்துக்கு ரோஸ் கலர் அடித்திருக்கிறார்கள். காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறேன்.

நிகழ்ச்சி: பொள்ளாச்சி 8, தாராபுரம் 9, பல்லடம் 11, கோவை 15. கோவையில் மட்டும் வீடியோ. அதில் பாடுவதுதான் டிவிக்குப் போகும்.

பாஸ்கர் (கம்பெனி ஆள், மெட்ராஸ். இனி பா.) பாட்டுப் பட்டியல் கொடுத்தார். எட்டுப் பாட்டு. ஏழு, கம்பெனிக் கவிஞர் எழுதியவை. எட்டாவது ‘போறேன்’, நான் எழுதியது. முதல் மூன்று ஊரில் அது எடுபடாவிட்டால் கோவையில் கிடையாது, பதிலுக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். சரியில்லை.

எங்கள் பக்கத்தில் கிளம்பும்போது யாரும் போறேன் என்று சொல்வதில்லை. முக்குக் கடைக்குப் போனாலும் வாரேன்தான். போறேன் என்றால் திரும்ப மாட்டேன் என்று அர்த்தம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பல்லடத்தில், எங்கள் தறிக் கொட்டகை வாசலில் நின்று, தெரிந்தேதான் அதைச் சொன்னேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடுகிறவளுக்கு இங்கே இடமில்லை என்று முதல் நாள் சொன்ன அப்பா, அன்றைக்குத் தறியிலிருந்து நிமிரவே இல்லை. இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. அம்மா மட்டும் மாதம் ஒரு கடிதம். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் பாட்டு பிறந்தது. மெட்ராஸில் ரெக்கார்டிங்கின்போது ‘ஊடு’ என்று பாடினதை ‘வீடு’ என்று ஐந்து தரம் திருத்தினார்கள். போறேனை யாரும் திருத்தவில்லை.

பிப்ரவரி 8, சனி. பொள்ளாச்சி

வேனில் நல்ல காற்று. தொண்டைக்கு ஆகாது, மப்ளர். கீபோர்டு ஸ்டீபன் (கோவைக்காரர், அதிகம் பேச மாட்டார்) வழியெல்லாம் தூக்கம்.

கூட்டம் நிறைய. குடும்பம் குடும்பமாகப் பாயோடு வந்திருந்தார்கள். ஏழு பாட்டுக்கும் கைதட்டல், இரண்டுக்கு விசில். எட்டாவது ஆரம்பித்தேன். “போறேன், நான் போறேன்...” அவ்வளவுதான். ஜனம் எழுந்துவிட்டது. பாயை உதறுகிறார்கள், குழந்தைகளைத் தோளில் போடுகிறார்கள். முன் வரிசையில் ஒரு பெண் புருஷனிடம் சொன்னது மேடைவரை கேட்டது: “போறேங்குது. முடிஞ்சுபோச்சாட்ட இருக்குது, எந்திரிங்க.”

கடைசிச் சரணத்தைக் கேட்டவர்கள்: ஜெனரேட்டர்காரர், பொரி வண்டிக்காரர், பா.

மைக் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஸ்டீபன் முணுமுணுத்தார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம் இது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பா. சிரிக்கவில்லை, நோட்டில் ஏதோ குறித்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு. தாராபுரம்

வெயில். அமராவதி ஆற்றில் கணுக்கால் தண்ணீர். இடது செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்தியிருக்கிறேன்.

கோயில் நோன்பித் திருவிழாவில் நிகழ்ச்சி. மத்தியானம் கமிட்டித் தலைவர் இளநீரோடு வந்தார். வெள்ளை வேட்டி, அப்படி ஒரு மரியாதை. பொள்ளாச்சி விஷயம் எனக்கு முன்னால் தாராபுரம் வந்து சேர்ந்திருக்கிறது.

“தப்பா நெனைக்காதீங்க அம்மணி. சாமி காரியம் நடக்குது. நல்ல நாளும் அதுவுமா போறேன் போறேன்னு பாடுனா நல்லாவா இருக்கும்? வாரேன்னு பாடிப்போடுங்க.”

அது என் பாட்டு, அர்த்தம் மாறிவிடும் என்றேன்.

“உங்க பாட்டுத்தானுங்க. ஊரு எங்குளுதுங்க.”

பாட்டையே விட்டுவிடலாம் என்று பா. உடனே முன்வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஸ்டீபன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, மெட்டுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். போ-றேன், வா-ரேன். தாளம்கூட இடிக்காது. பா.வின் முகத்தைப் பார்த்த எரிச்சலில் சரி என்றுவிட்டேன்.

சாயந்திரம் பாடினேன். “வாரேன், நான் வாரேன்...” முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், வெற்றிலை வாயோடு, “சேரி கண்ணு, வா” என்றார். பக்கத்தில் சிரிப்பு. அடுத்த தரம் வாரேன் என்றதும் பத்துப் பேர் “வாங்க” என்றார்கள். மூன்றாவது தரம் மைதானமே சொன்னது. விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒருத்தர் வாரேன் என்று சொல்லி இவர்களால் வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். ஒன்ஸ்மோர் இரண்டு.

பா. கையைப் பிடித்துக் குலுக்கினார். கோவையில் இது கட்டாயம் உண்டாம், கேசட்டில்கூட மாற்றிவிடலாமாம். ஜெயித்தது என் மெட்டு. வார்த்தை என்னுடையது இல்லை. சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது. பசித்தது, நாலு இட்லி சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள். தாராபுரம்

ஓய்வு. துணி துவைத்தேன். செருப்பு தைத்தாயிற்று.

எஸ்டிடி பூத்திலிருந்து பல்லடத்துக்கு, பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டேன். அம்மா ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. நாளைக்கு வருகிறாளாம், பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு. அப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டதைச் சொன்னாள். ஒன்று கறுப்பாம்.

பல்லடத்தில் கோயில் நிகழ்ச்சி இல்லை, கமிட்டியும் இல்லை. எழுதின மாதிரியே பாடலாம். அந்த ஊருக்காகத்தானே எழுதினேன். பா.விடம் சொன்னேன். கையில் வந்ததைக் காலால் உதைக்கிறாய் என்றார். உதைத்தால் கோவை போய்விடும் என்றும் சொன்னார். போகட்டும். போறேன்தான். முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். பல்லடம்

வெயில், தூசி. வேன் ஊருக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். மூன்று வருஷமாகக் காதில் இல்லாதது. யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, ரோஸ் கலரின் புண்ணியம்.

அம்மா மூன்றாவது வரிசை. பச்சைச் சேலை. இளைத்திருக்கிறாள். என்னைப் பார்க்காமல் ஸ்டீபனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் பார்த்தால் அழுதுவிடுவாள், தெரியும். அப்பா இல்லை. இருப்பார் என்று நினைக்கவில்லை என்று எழுத வந்தேன். நினைத்தேன்.

ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதுக்கு வாயெடுக்கும்போது கரண்ட் போயிற்று. எங்களுக்கு ஜெனரேட்டர், பிரச்சினை இல்லை. ஆனால் ஊரில் இருக்கிற தறி அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றது. அப்படி ஒரு அமைதி. எங்கள் கொட்டகை நாலே தெரு தள்ளி. ஸ்பீக்கர் குழாய் அந்தப் பக்கம்தான் பார்த்துக் கட்டியிருந்தது. இனி நான் என்ன பாடினாலும் அவர் காதில் விழுந்தே தீரும்.

வாரேன் என்றுதான் வாயில் வந்தது. யோசித்து மாற்றினேன் என்று எழுதினால் பொய். பயமாக இருந்தது. அந்த வார்த்தையை அவரிடம் இன்னொரு தரம் சொல்ல என்னால் முடியாது.

ஊரே வாங்க என்றது. அம்மாவும் சொன்னாள்.

பா. மகாராஜாவாகிவிட்டார். கோவைக்கு இதுவே கடைசிப் பாட்டாம், ஐந்து நிமிஷம் கூடுதலாகத் தருவாராம்.

பிப்ரவரி 12, புதன். பல்லடம்

பனி. ஒன்பதுக்கு வேன். எட்டேகாலுக்கு வீட்டுக்குப் போனேன், பையில் சேலை ஒன்று, வேட்டி ஒன்று. அம்மா காப்பி கொடுத்தாள். கறுப்புக் குட்டியைக் காட்டினாள். நேற்று அவள் திரும்பி வந்தபோது அப்பா கொட்டகை வாசலில் இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். சோறு போடு என்றாராம். அவ்வளவுதானா என்றேன். “கரண்டு இல்லாத வேற என்ன பண்ணுவாரு கண்ணு, உக்காந்து கேட்டுப்போட்டாரு” என்றாள்.

கொட்டகை. தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் புருவமெல்லாம் வெள்ளை, நரையா பஞ்சா தெரியவில்லை. நான் வந்ததைப் பார்த்தார். பார்க்காத மாதிரி அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டார். பத்து நிமிஷம் நின்றேன். அதே வாசல்.

அந்தச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“வாரேனுங்கப்பா.”

தறியை நிறுத்தினார்.

“எப்ப?”

வாரேன் என்றால் கிளம்புகிறேன் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். எப்ப என்று கேட்கிற வழக்கமே கிடையாது. பையிலிருந்து இந்த டைரியை எடுத்துப் புரட்டினேன். அவசரத்தில் இரண்டு தாள் கிழிந்தது. மார்ச் 2, ஞாயிறு, காலி. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுத் தறியைப் போட்டார்.

அங்கேயே, நின்றபடி, மார்ச் 2 பக்கத்தில் எழுதினேன்: ஊடு.