வாடிக்குப் போகிறவர்களின் திறப்பு

ஏப். 20, திங்கள்

காற்று திரும்பிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் வாய் நிறைய மணல். இதற்கு இங்கே, புத்தளம் பக்கத்தில், கச்சான் காற்று என்று பெயர். இனி செப்டம்பர் வரை மேற்குக் கடலில் படகு இறக்க முடியாது. அதனால் வரும் ஞாயிறு ஆராதனை முடிந்த மறுநாளே நம் சபையின் ஏழு குடும்பமும் முல்லைத்தீவுப் பக்கம் வாடிக்குப் போகும். கடற்கரையில் ஓலைக் குடிசை போட்டு, மாதக்கணக்கில் அங்கேயே தங்கி மீன்பிடிப்பு. வருஷா வருஷம் நடப்பதுதான். வருஷா வருஷம் சபையில் நான் மட்டும் மிஞ்சுவேன்.

காயப்போட்ட துணி எல்லாம் மணல். மறுபடி துவைக்க வேண்டும்.

மதியம் நாகர்கோவிலிலிருந்து எங்கள் மிஷன் செயலாளர் ஐயா போன். குரலில் ஏகப்பட்ட சர்க்கரை. "சிஸ்டர், பதினேழு வருஷம் பணித்தளத்தில இருந்துட்டீங்க, போதும். கமிட்டியில எல்லாருக்கும் உங்களப் பத்தி ஒரே பாரம். நம்ம பெண்கள் விடுதிக்கு வார்டன் வேணும். ஜூன்ல வந்துடுங்க."

ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஆட்களிடம் தப்பிக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

ஏப். 21, செவ்வாய்

பாலர் வகுப்புக்கு மூன்றே பிள்ளைகள். மற்றவை மூட்டை கட்டும் குஷியில். "மிஸ், நாங்க லொறிக்கு மேல ஏறிப் போறம்!" பாட்டு சொல்லிக்கொடுக்க எனக்கும் மனமில்லை. பத்து மணிக்கே விட்டுவிட்டேன்.

தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "வாக்கா, வா" என்றான். பின்னால் அவன் மனைவி குரல்: "அந்த ரூம்ல ட்ரெட்மில் கெடக்கே, அத எங்க போட?" மெதுவாகத்தான் கேட்டாள். அது அம்மா படுத்திருந்த அறை. அம்மா போனபின் சாப்பிட்டாயா என்று கேட்க அந்த வீட்டில் எனக்கு ஆளில்லை. இங்கேயும் இல்லை. அப்படிப் பார்த்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

மாலை கடற்கரை. கச்சானுக்காகவே வரும் வெள்ளைக்காரர்கள் வந்திறங்கிவிட்டார்கள், இடுப்பில் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் பறக்க. அவர்கள் காற்றுக்காக வருகிறார்கள். நம் ஆட்கள் காற்றால் போகிறார்கள். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஒரு கழுதை மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

ஏப். 23, வியாழன்

வாங்க: சவர்க்காரம், பிரஷர் மாத்திரை, மண்ணெண்ணெய்.

எஞ்சின்களைக் கழற்றி லொறியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தது திறப்பு கொடுக்கும் படலம். (சாவி என்று எழுத இப்போதெல்லாம் கை வருவதில்லை.) வாடிக்குப் போகிறவர்கள் வீட்டுத் திறப்பை ஊரில் தங்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். வாங்கியவர் இடையிடையே வீட்டைத் திறந்து காற்றாட விட வேண்டும். கறையான் ஏறியிருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாத் திறப்பும் என் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் நசீமா ராத்தாவிடம்தான் போகும். ஐந்து நேரம் தொழுகிற வீட்டில், ஒரு பால்மா டின் நிறைய, சிலுவை கோர்த்த திறப்புகள்.

வந்த புதிதில் நம் சபை மெற்றில்டாவிடம் "என்கிட்ட தாங்களேன்" என்று கேட்டேன். "மிஸ் எந்த நேரமும் போற ஆள்தானே" என்று சிரித்தாள். அப்புறம் நான் கேட்கவே இல்லை. அவளுடைய மூன்று பிரசவத்துக்கும் புத்தளம் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடினார். திறப்பு மட்டும் எதிர்க் கடைக்கு. இதை ஜெபத்தில் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வலிக்கிறது.

ஐயாவுக்கு வாட்ஸ்அப்: "வருகிறேன். கர்த்தருடைய சித்தம்." கர்த்தரிடம் நான் கேட்கவில்லை. கோபத்தில் அனுப்பினேன். அந்த நிமிஷமே கைகூப்பிய படம் வந்தது.

ஏப். 24, வெள்ளி

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனால் ராத்தா கடையில் பாதி தட்டு காலி. ராத்தா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

"மிஸ், மகளுக்கு நாள் கிட்டிட்டு. மதுரங்குளிக்குப் போறன். அவ டீச்சர், புள்ளயப் பாத்துக்க ஆளில்ல. கச்சான் முடியுமட்டும் நான் அங்கதான். இவங்கட திறப்பெல்லாம் இந்த முறை ஒங்ககிட்டத் தரச் சொல்லிட்டன்."

"என்கிட்டயா? நான் போற ஆள்னுல்ல சொல்லுவாங்க" என்றேன். இத்தனை வருஷ எரிச்சலும் அதில் இருந்தது.

"ஓம், சொல்லுவாங்கதான்." ராத்தா நிமிரவே இல்லை. "நீங்க லீவுக்கு ஊருக்குப் போகக்குள்ள ஒங்கட திறப்ப ஆருக்குக் குடுத்த? பையில போட்டுக்கிட்டுத்தானே பிளேன் ஏறுற. தொண்ணூறுல எங்கட ஆக்கள மன்னார விட்டு வெரட்டக்குள்ளயும் எங்கட வாப்பா பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டுத்தான் வந்த. திரும்பி வாறவங்கதானே திறப்பக் குடுத்திட்டுப் போவாங்க?"

எங்கள் மிஷன் விதி அது. விடுமுறைக்கு வருகிறவர்கள் பணித்தள வீட்டின் திறப்பைத் தலைமை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாகர்கோவில் அலுவலகச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒழுங்காக மாட்டியிருக்கிறேன். வீடு இங்கே, திறப்பு கடலுக்கு அந்தப் பக்கம். ஒரு வருஷம் கூரை பிய்ந்து என் புத்தகமெல்லாம் ஊறிப்போனது. உள்ளே போக வழியில்லாமல் ஊரே வெளியில் நின்று பார்த்ததாம். ராத்தா இன்றுதான் சொன்னார்.

பாண் வாங்காமலே வந்துவிட்டேன். விசுக்கோத்தும் தேநீரும்.

ஏப். 26, ஞாயிறு

ஆராதனை. ஜூனில் போவதை அறிவிப்பு நேரத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். வாடிக்குப் போகிறவர்களுக்காக மட்டும் ஜெபித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பகல் மெற்றில்டா வந்தாள். வலை நூலில் கட்டிய திறப்பு.

"மிஸ், பின்கதவு கொஞ்சம் இறுக்கம். தூக்கித் திறக்கணும்."

கை நீட்டவில்லை. "மெற்றில்டா, நான் ஜூன்ல ஊருக்குப் போறேன். ஒரேயடியா."

"ஆருக்குச் சொன்னீங்க?"

"ஆபீசுக்கு மட்டும்."

"ஆபீசுக்குச் சொல்லிட்டீங்க, எங்களுக்குச் சொல்லல்ல." முகம் கறுத்துவிட்டது. "நாங்க ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்தா போகப் போறீங்க, மிஸ்?"

அவள் திறப்பைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவாளோ என்று எனக்குப் பயம். அதை இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. அவள் "ஹரி" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, திறப்பை மேசையில் என் வேதாகமத்தின் மேலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பொழுது சாய்வதற்குள் மற்ற ஆறு திறப்பும் வந்தன, ஒவ்வொன்றோடும் ஒரு வேலை. கோழிக்குத் தவிடு, கிணற்றுக்கு மூடி, மாதா படத்துக்கு விளக்கு. விளக்கு ஏற்றுவதைப் பற்றி, படங்களையே ஏற்காத எங்கள் கமிட்டி என்ன சொல்லும் என்று யோசிக்காமல் சரி என்றேன்.

ஏப். 27, திங்கள்

லொறி போய்விட்டது. பிள்ளைகள் மேலேயிருந்து கை காட்டினார்கள். மெற்றில்டா முன்னால் இருந்தாள், காட்டவில்லை. ராத்தா கடையிலும் பூட்டு. பேச ஆளில்லை, கோழிகளிடம் பேசினேன். தனியாக இருக்கிறேன் ஆண்டவரே, மிகவும் தனியாக இருக்கிறேன்.

ஐயாவை நானே கூப்பிட்டேன்.

"ஐயா, நான் இப்ப வர முடியாது. ஏழு வீட்டுத் திறப்பு என்கிட்ட இருக்கு."

"என்ன சிஸ்டர் இது? வீடு காக்கவா உங்கள அனுப்பினோம்? யார்கிட்டயாவது கொடுத்துட்டு வாங்க."

"கொடுக்க ஆளில்லங்க ஐயா. நான்தான் இருக்கேன்."

"கமிட்டி தீர்மானம் போட்டாச்சு. ஜூனுக்கு அப்புறம் உங்க சம்பளத்துக்கு எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். குரலில் சர்க்கரை இல்லை.

சரிங்க ஐயா என்றேன். விசா நவம்பர் வரை. வாடிக்குப் போனவர்கள் செப்டம்பர் கடைசியில் வருவார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டுக் கோழிகளுக்குத் தவிடு போட்டேன்.

ஏப். 29, புதன்

புத்தளத்துக்கு பஸ். மாத்திரை, மண்ணெண்ணெய். சந்தைப் பக்கம் திறப்பு வெட்டுகிறவரிடம் என் வீட்டுக்கு இன்னொன்று வெட்டிக்கொண்டேன். மறு திறப்பு வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. போகட்டும்.

வந்து வீடுகளைத் திறந்து பார்த்தேன். மெற்றில்டா வீடு கடைசி. பின்கதவு அவள் சொன்ன மாதிரியே, தூக்கினால்தான் வருகிறது. உள்ளே மாதா படம். பக்கத்தில் என் ஜெப அட்டை, ஊரில் எனக்காக ஜெபிக்கிறவர்களுக்கு என் படத்தோடு மிஷன் அச்சடித்துக் கொடுப்பது. வந்த புதிதில் இவளுக்கும் ஒன்று கொடுத்திருந்தேன் போல. படத்தில் எனக்கு முடி முழுக்கக் கறுப்பு. அதன் கீழே ஓர் ஆணி சும்மா இருந்தது. புதிதாக வெட்டிய என் வீட்டுத் திறப்பை அதில் மாட்டினேன். கதவைத் தூக்கிச் சாத்தி, பூட்டிவிட்டு வந்தேன்.