எதிர் வீட்டு நாலு மணிப் பாட்டு

1 ஜூன், ஞாயிறு

காலைப் பூசைக்குப் போய் வந்தேன். பிரசங்கம் நீளம். வாங்கிய கத்தரிக்காய் முற்றல்.

நாலு மணிக்கு ராஜம்மாளின் செருப்பு சாவித்திரி வீட்டு வாசலில் கிடந்தது. பச்சை வார், இடது குதிகால் தேய்ந்தது. இது ஏழாவது ஞாயிறு.

இருபத்தெட்டு வருடம் ஞாயிறு நாலு மணிக்கு அது என் வாசலில்தான் கிடந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளும் நானும் அடுத்தடுத்த நாற்காலி. என் வீட்டுக்காரர் ஜோசப்ராஜ் இருந்தவரை அவர்தான் கேசட் போடுவார். அவர் போன பிறகு நான். போன டிசம்பர் மழையில் கூரை ஒழுகி, அவருடைய ஸ்பீக்கர் இரண்டும் ஊறி, பலகை உப்பிப் பிளந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் அலமாரிக்குள் இருந்ததால் தப்பியது. பாட்டில்லாமலும் நான்கு மாதம் வந்தாள். ஏப்ரலில் எதிர் வீட்டுச் சாவித்திரியின் மருமகன் அன்புச்செல்வன் பெங்களூரிலிருந்து புது செட் கொண்டுவந்து மாட்டினான். இடுப்பு உயரம், கன்னங்கரேல் என்று இரண்டு ஸ்பீக்கர்.

"பாட்டு கேக்கத்தான்டி போறேன். பொண்ணு பாக்கவா போறேன்?" என்றாள்.

பொறாமைதான். தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை தடவை என்று ஃபாதர் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும்.

4 ஜூன், புதன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காத்தவராயன் கடை. முன்பு தேவிகாபுரத்தில் கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டவர். இப்போது ரிப்பேர் மட்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பழைய ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேட்டேன். கை கழுவிவிட்டு எடுக்கச் சொன்னேன். கழுவினார்.

மூடிப்போன வீடியோ கடையிலிருந்து வந்த ஒரு ஜோடி. முழங்கால் உயரம். பெட்டி நல்ல மரம். ஆனால் உள்ளேயிருக்கும் காகிதக் கூம்பைச் சுற்றி ஒட்டிய ஸ்பாஞ்ச் வளையம் தொட்டதும் பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"எலி கடிக்கலம்மா. அதுவே பெரிய விஷயம்" என்றார்.

"எலிக்கும் ருசி தெரியும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே விலையைப் பாதியாகக் குறைத்தார். பென்ஷனில் இதற்கு மேல் முடியாது. யாரிடமும் கேட்கவும் மாட்டேன்.

9 ஜூன், திங்கள்

புது வளையம் ஒட்டியாயிற்று. ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். கூம்பு நட்ட நடுவில் நிற்காவிட்டால் உள்ளே சுருள் உரசிக் கரகரக்குமாம். காத்தவராயன் இரண்டு கட்டை விரலாலும் மெதுவாக அமுக்கி, காதை வைத்துக் கேட்டார். நானும் வைத்தேன்.

"உரசுது. இடப்பக்கம்" என்றேன்.

"எனக்குக் கேக்கலியேம்மா."

"எனக்குக் கேட்கிறது."

பிரித்து மறுபடி ஒட்டினார். முணுமுணுத்தார்தான். ஆனால் ஒட்டினார்.

பெட்டிகளை வீட்டில் நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதுகு விட்டுப்போகிறது.

12 ஜூன், வியாழன்

சாவித்திரியின் ஸ்பீக்கர் முகத்தில் கறுப்பு வலை பளபளக்கிறது. என்னுடையதற்கு முன்பக்கத் துணியே இல்லை. துணிப் பெட்டியில், ரிடையராகும்போது எனக்குப் போர்த்திய பட்டுத் துண்டு இருந்தது. அரக்கு, ஜரிகைக் கரையுடன், நம் ஆரணி நெசவு. வெட்டி இழுத்து ஆணி அடித்தேன். கோவில் தேர் மாதிரி இருந்தது.

ஒன்றை மட்டும் இணைத்துப் பாட்டுப் போட்டால், பாடுகிறவர் போர்வைக்குள் இருந்து பாடுகிறார்.

காத்தவராயனுக்குப் போன் செய்தேன். "பட்டா? இந்த ஊர்ல பட்டு எவ்ளோ நெருக்கமா அடிக்கிறாங்க, தெரியாதா உங்களுக்கு? காத்து எப்டிம்மா வெளிய வரும்?"

தெரியும். தெரிந்தே அடித்தேன். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று அடித்தேன். பிய்த்துவிட்டு ஜோசப்ராஜின் பழைய வேட்டித் துணியைக் கட்டினேன். மெல்லிசு. இப்போது சரி.

15 ஜூன், ஞாயிறு

இரண்டுக்கும் வயர் நானே மாட்டினேன். முப்பத்தேழு வருடம் வயருக்கு நடுவில் உட்கார்ந்தவள், இதற்கு ஆள் எதற்கு?

இரண்டு ஸ்டூலும் ஒரே உயரமில்லை. ஒன்றுக்கு அடியில் செங்கல். தையல் டேப்பால் அளந்து, என் நாற்காலிக்கு இரண்டும் சம தூரம். எல்லாம் ஒழுங்கு. ஆனால் பாட்டு — என்ன சொல்வது, பாடுகிறவர் வீட்டில் இல்லை. குரல் இருக்கிறது, ஆள் இல்லை. மிருதங்கத்துக்கு வயிறே இல்லை. பத்து நிமிடத்தில் தலைக்குள் ஏதோ அமுக்கியது.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். எதிர் வீட்டில் சிரிப்புச் சத்தம்.

17 ஜூன், செவ்வாய்

காத்தவராயன் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரி. வயரின் இரண்டு முனையையும் அதில் தொட்டார். வலது ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வந்தது. இடதைத் தொட்டார். பின்னால் போனது.

"பாத்தீங்களா? ஒண்ணுல செவப்பையும் கறுப்பையும் மாத்திக் குடுத்துட்டீங்க. ரெண்டும் ஒண்ணா மூச்சு விடணும். ஒண்ணு வுடும்போது இன்னொண்ணு இழுத்தா, பாட்டை அதுங்களே தின்னுடும். நடுவுல குந்தி கேக்கறவங்களுக்குத்தான் பேஜாரு. ஓரமா நின்னா அவ்ளோ தெரியாது."

மாற்றி மாட்டினார். பாடுகிறவர் வந்து என் எதிரில், இரண்டுக்கும் நடுவில், நின்றார். கை நீட்டினால் தொடலாம்.

காத்தவராயனுக்குக் காபி கொடுத்தேன். நல்ல டம்ளரில்.

22 ஜூன், ஞாயிறு

ஜன்னலை அகலத் திறந்து வைத்து, நாலு மணிக்குப் போட்டேன். சத்தம் தெருவைத் தாண்டும்படி. ராஜம்மாள் எதிர்ப் படியேறும்போது நின்று திரும்பிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

உள்ளே போய்விட்டாள்.

கூப்பிட்டிருக்கலாம். எதற்குக் கூப்பிட வேண்டும்? இருபத்தெட்டு வருடம் கூப்பிட்டா வந்தாள்?

26 ஜூன், வியாழன்

சாவித்திரி பேரனுக்கு முதல் பிறந்தநாள். தெருவுக்கே அழைப்பு, போகாமலிருந்தால் பேசுவார்கள். சுவரெல்லாம் பலூன். சோபாவில் நடு இடம் ராஜம்மாளுக்கு. "அக்காவுக்குன்னு வச்ச எடம். யாரும் குந்தக் கூடாது" என்கிறாள் சாவித்திரி, எல்லார் காதிலும் விழும்படி. அக்காவாம். இரண்டு மாதத்தில்.

அப்போது பாட்டுப் போட்டார்கள். பழைய பாட்டு.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குரல் இருக்கிறது, ஆள் இல்லை. மிருதங்கத்துக்கு வயிறு இல்லை. ராஜம்மாளின் பின்னால் போய்க் குனிந்து, கேக் எடுப்பது போலக் கேட்டேன். சந்தேகமே இல்லை. பெங்களூர் மாப்பிள்ளையும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றித்தான் மாட்டியிருக்கிறான்.

கேக் மிகவும் நன்றாயிருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சொல்லவில்லை.

27 ஜூன், வெள்ளி

எக்ஸ்சேஞ்சில் முதல் நாள் கற்றுத் தந்தது: காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது. எத்தனை குடும்பத்து ரகசியம் இந்தக் காதோடு நின்றிருக்கிறது. இதுவும் அப்படித்தான். நான் விதிப்படி நடக்கிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

பால் பூத்தில் ராஜம்மாள். முகம் வாடியிருந்தது.

"காதுல என்னமோ ஆயிடுச்சுடி. பாட்டு எங்கிருந்து வருதுன்னே தெரியல. தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி. சாவித்திரி நல்லா கேக்குதுன்றா. அவ சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் நடந்துகினே இருக்கா, அவளுக்குக் கேக்குது. குந்திக் கேக்கற எனக்குக் கேக்கல."

"வயசாகுதில்ல" என்றேன்.

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு எழுபத்தொன்று.

13 ஜூலை, ஞாயிறு

எதிர் வீட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அவளுக்காகத்தான். கூட்டினால் இன்னும் மோசம்.

என் ஹாலில் பாட்டு அப்பழுக்கில்லாமல் ஓடியது. ஒரு பக்கம் முடிந்தது. கேசட்டைத் திருப்பிப் போடவில்லை.

18 ஜூலை, வெள்ளி

சாவித்திரிதான் வந்து சொன்னாள், வாசலில் நின்றபடி, முந்தானையைப் பிசைந்துகொண்டு.

"மேரியக்கா, உங்களுக்குத் தெரியுமா? ராஜம்மாக்காவை சுபத்ரா வேலூருக்கே இட்டுகினு போறாளாம். திங்கக்கெழம காது டாக்டரு. அப்புறம் அங்கயே இருந்துடணுமாம். காது கேக்காம தனியா எப்டி இருப்பேன்னு பொண்ணு ஒரே சண்டை. வூட்டை வாடகைக்கு வுட ஆளு பாத்தாச்சு."

சுபத்ரா மூன்று வருடமாகவே அம்மாவைக் கூப்பிடுகிறாள். ராஜம்மாள்தான் பிடி கொடுக்கவில்லை. இப்போது கொடுத்துவிட்டாள்.

"நான் பாட்டு போட்டு பழக்கம் பண்ணதாலதான் அவங்களுக்கே காதுன்னு தெரிஞ்சுது. அது ஒரு நல்லதுக்குத்தான்க்கா, இல்ல?"

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன், கடவுளே.

எதிர் வீட்டுக்குப் போனால் எரிந்தது. வேலூருக்குப் போனால்? அங்கே எந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்? இதற்கா நான் — விதியாம். என்ன விதி. ஒரு வயரைப் பிடுங்கி இடம் மாற்றிக் குத்த எவ்வளவு நேரம் ஆகும்?

19 ஜூலை, சனி

காலையிலேயே போனேன். ராஜம்மாள் ஹாலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் காதுல ஒண்ணும் இல்லை" என்றேன்.

"உனக்கென்னடி தெரியும்?"

"திரும்பி உட்கார்."

எக்ஸ்சேஞ்ச் பயிற்சியில் செய்ததைச் செய்தேன். சமையலறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் நின்று, பக்கத்தில் நிற்கும் அதிகாரிக்குக் கூடக் கேட்காத தாழ்ந்த குரலில் நம்பர் சொன்னேன். மூன்று இலக்கம், நான்கு இலக்கம், இடத்தின் பெயரோடு. போளூர், சந்தவாசல், படவேடு. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பதினைந்தில் ஒன்றுதான் தப்பு, அதுவும் நான் ஐந்தை முழுங்கியதால்.

திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தாள். "அப்ப அங்க ஏன்டி கேக்கல?"

சாவித்திரி வீட்டுக்கு அழைத்துப் போனேன். சாவித்திரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். ராஜம்மாளைச் சோபா நடுவில் உட்கார வைத்து, பாட்டுப் போடச் சொல்லி, பிறகு நிறுத்தி, ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டுச் சிவப்பையும் கறுப்பையும் மாற்றினேன். மறுபடி அதே பாட்டு.

ராஜம்மாள் கையைத் தூக்கி ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவில் காட்டினாள். "அங்க நிக்கிறான் பாரு" என்றாள். "அங்கதான் நிக்கிறான்."

"அடக் கடவுளே, எங்க மாப்ள இன்ஜினீரு வேற" என்று சாவித்திரி தலையில் கை வைத்தாள்.

எழுந்து கிளம்பியிருந்தால் முடிந்திருக்கும். நன்றி கூடச் சொல்லியிருப்பார்கள். ராஜம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தேழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. நேற்றுத்தான் தோன்றியது என்று.

"பிறந்தநாள் அன்னிக்கே."

சாவித்திரி பாட்டை நிறுத்தினாள்.

"பால் பூத்துல நின்னு பேசினோமே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"நான் சரியா தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா மேரி? போன் அடிச்சா எடுக்க பயந்துகினு. நம்பள மாதிரி வேலை பாத்தவளுக்கு காது போச்சுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"நீ இங்கே வந்துட்டே" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். எழுபத்திரண்டு வயதில், அடுத்தவள் வீட்டுத் தரையில் மண்டியிட்டுக்கொண்டு. "என் செட் சரியான பிறகும் நீ வரலை."

ராஜம்மாள் மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள்: "உன் வூட்ல இருமக் கூட பயம். பாட்டு ஓடும்போது வாயத் தொறந்தா உதட்டுல வெரலை வப்ப. அவர் இருந்தப்பவும் அப்டிதான், அப்புறமும் அப்டிதான். நான் வாரத்துல ஒரு நாள் யார்கிட்டயாவது பேசணும்னுதான் வந்துகினு இருந்தேன். பாட்டுக்கா வந்தேன்?"

வீட்டுக்கு வந்தேன். சமைக்கவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். எத்தனை தடவை என்று ஃபாதர் கேட்கவே இல்லை.

23 ஜூலை, புதன்

சுபத்ரா எப்படியும் டாக்டரிடம் காட்டிவிட்டாளாம். வயதுக்கு மிக நல்ல காது என்றாராம். ராஜம்மாள் ஆரணிக்குத் திரும்பிவிட்டாள். பாத்திரச் சாக்கை அவிழ்த்தாயிற்று. எல்லாம் சாவித்திரி வீட்டில் பூக்காரியிடம் சொன்னது. என்னிடம் பூக்காரி தவிர யாரும் சொல்லவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

பச்சை வார் செருப்பு, எதிர் வீடு. பாட்டு இப்போது தெரு வரை சுத்தமாக வருகிறது. மிருதங்கம் நன்றாகக் கேட்கிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நாலேகாலுக்கு நான் எதிர் வீட்டுக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை. படியில் ஒரு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன். சாவித்திரி பார்த்துவிட்டாள்.

"வாங்கக்கா" என்று சமையலறைக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். சோபாவில் ராஜம்மாள் நகரவில்லை. "வா" என்றாள், அவ்வளவுதான். முறுக்கை உடைத்துப் பாதியைச் சாவித்திரிக்குக் கொடுத்தாள். எனக்குத் தட்டில் தனி முறுக்கு வந்தது. முழு முறுக்கு. பாதி வேண்டும் போலிருந்தது.

அந்த மூலையிலிருந்து இடது ஸ்பீக்கர் ஒன்றுதான் கேட்கும். மற்றதை ஃபிரிட்ஜ் மறைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு வந்தது. அதன் சரணம் முழுக்க ராஜம்மாள் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும், பிளம்பர் மூன்று நாளாக ஏமாற்றுவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குழாய்? பின்பக்கத்ததா?" என்று கேட்டேன்.

ஆறு மணி வரை இருந்தேன்.