நாற்பத்தொரு பேருக்கு, ஒரு மணிக்கு

மச்சி,

நேற்று அஸர் தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது, கட்டாரிலிருந்து உன் சின்ன மகள் ஹஸ்னா ஒரு படம் அனுப்பினாள். பெருநாள் விடுமுறைக்குப் பிள்ளைகளைத் துபாயில் ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறாளாம். ஆனால் அவள் அனுப்பியது பூங்காவின் படம் இல்லை. ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டு எழுதிய சாப்பாட்டுத் திட்டம். எந்த நாள், எந்த நேரம், எந்தக் கடை, மேசையில் எத்தனை பேர், சின்னவனுக்கு உறைப்பில்லாமல் என்ன, தொழுகைக்கு முன்னா பின்னா, எல்லாம் அதில் இருந்தது.

உடனே அவளுக்குக் கோல் எடுத்தேன். "ரெண்டு கடையில மேசை கிடைச்சிட்டு மாமி. மூண்டாவது கடைக்காரன் இன்னும் பதில் தரல்ல. நாளைக்கும் எடுப்பன்" என்றாள். "போன இடத்துல பாத்துக்கலாமே புள்ள" என்றேன், வேண்டுமென்றுதான். "அவரும் அப்படித்தான் சொல்றார். எனக்கு ஏலா மாமி" என்றாள்.

அவளுக்கு ஏன் ஏலாது என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு வெகுநேரம் உன்னோடுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். அல்லாஹ் நீ மண்ணுக்குள் உறங்கும் கபுறை ஒளியாக்கி வைக்கட்டும்.

சுனாமி அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்து மருதமுனையில் உன் வீட்டையும் என் வீட்டையும் கொண்டு போனது. உன் மாப்பிள்ளையை, ஹஸ்னாவின் வாப்பாவையும் கொண்டு போனது. என் மாப்பிள்ளையை, உன் கூடப்பிறந்த மூத்த காக்காவை, எனக்கு விட்டு வைத்தது. இரண்டு பெண் பிள்ளைகளோடு நீயும், மூன்று பிள்ளைகளோடு நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பறையில் பாய் போட்டோம். பக்கத்தில் பாண்டிருப்பிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். செல்வராணியை நமக்கு அங்கேதான் தெரிய வந்தது.

முதல் நாட்களில் சவளக்கடைப் பக்கமிருந்து வந்த ஆட்கள் அண்டா அண்டாவாகச் சோறு இறக்கினார்கள். அந்தச் சோற்றை நாம் மறக்கவில்லை. ஆனால் பிறகு பார்சல் வரத் தொடங்கியது. தெரியாத ஆட்கள், கமராக்கள், கையில் கோப்பையோடு வெயிலில் வரிசை. ஹஸ்னாவுக்கு அப்போது நாலு வயது. காய்ச்சலில் படுத்திருந்தாள். நீ அவளுக்கும் சேர்த்து ஒரு பார்சல் கேட்டாய். கொடுத்துக்கொண்டிருந்தவன், "ஒராளுக்கு ஒண்டு. புள்ள இரிந்தா கொண்டு வந்து காட்டுங்க" என்றான். நீ உள்ளே போய், தூங்கிய பிள்ளையை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அவள் முகத்தை அவனுக்கு நேரே திருப்பிக் காட்டினாய். பார்சலை வாங்கினாய். அதற்குப் பிறகு அந்த முகாமில் நீ எந்த வரிசையிலும் நின்றதை நான் காணவில்லை.

மறுநாள் காலை நீ ஒரு கொப்பியைத் தேடி எடுத்தாய். வகுப்பறை வகுப்பறையாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை சோறு தின்னாது என்று எழுதினாய். சாமான் கொண்டு வந்தவர்களிடம் அந்தக் கொப்பியை நீட்டி, "நீங்க இறக்கிப் போட்டுப் போங்க. நாங்க ஆக்களுக்குக் கொண்டு போய்க் குடுக்கிறம்" என்றாய். மாப்பிள்ளையை இழந்து இத்தாவில் இருக்கிற பெண் இப்படி முன்னுக்கு நிற்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நீ அதற்குப் பிறகு அறை வாசலைத் தாண்டாமலே, என்னையும் செல்வராணியையும் ஏவிக்கொண்டு அதைச் செய்து முடித்தாய். ஒரு கிழமைக்குள் எங்கள் பள்ளிக்கூடத்தில் சோற்று வரிசை இல்லாமற் போனது.

தகரக் கொட்டில்களில் சில வருடம், பிறகு வீட்டுத் திட்டத்தில் வீடு. யுத்தமும் முடிந்தது. நம் மாதர் சங்கம் மா இடித்துப் பைக்கற் போட்டு விற்கத் தொடங்கி, தலை நிமிர்ந்திருந்த நேரம். பாதை திறந்துவிட்டது, பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப் போவோம் என்று கதை வந்தது. கொழும்புப் பக்கம் தண்ணீர்ச் சறுக்கும் ராட்டினமும் உள்ள பூங்கா ஒன்று இருக்கிறதென்று யாரோ சொன்னார்கள். பிள்ளைகள் அந்தப் பெயரையே ஓதத் தொடங்கிவிட்டார்கள்.

கூட்டத்தில் எல்லாரும் வழக்கம்போலச் சோற்றுக் கதையை எடுத்தார்கள். இடியப்பம் அவித்துக் கொண்டு போவோம், பகலுக்குக் கோழி பொரித்துக் கட்டுவோம், பஸ்ஸை மரநிழலில் நிறுத்திச் சாப்பிடுவோம். நீ கடைசியாகத்தான் வாயைத் திறந்தாய்.

"இந்தப் பயணத்துல ஒருத்தரும் சட்டி தூக்கப்படாது. ஒருத்தரும் வரிசையில நிக்கவும் கூடாது. மூண்டு நேரமும் கடையில, மேசையில இரிந்துதான் தின்னப் போறம். முன்கூட்டியே சொல்லி மேசை எடுக்கிறது என்ட பொறுப்பு."

"இதென்ன மச்சி, பெருமைக்கா?" என்று கேட்டது நான்தான்.

"ஓம், பெருமைக்குத்தான்" என்றாய். "எங்கட புள்ளைகளுக்கு ஒராள் சோத்தக் கொண்டு வந்து வெச்சிட்டு, இன்னும் என்ன வேணும் எண்டு கேக்கணும். அத நான் பாக்கணும்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் உன் வீட்டில் வேறு கதை இல்லை. கொழும்புக்குச் சாரன் துணி வியாபாரத்துக்குப் போய் வந்த உன் மாப்பிள்ளையிடம் முன்பு நீ படித்தது அரைகுறைச் சிங்களம். அந்தச் சிங்களத்தைத் தமிழெழுத்தில் தாளில் எழுதி, அடுப்படியில் ஒட்டி வைத்துப் பாடமாக்கினாய். "அப்பிட்ட மேச வெங் கரன்ன ஓன." எங்களுக்கு மேசை ஒதுக்க வேண்டும். தேங்காய் திருவும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கும் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது.

மஹியங்கனையில் காலைச் சாப்பாடு, மாவனல்லையில் பகல், மறுநாள் பூங்காவுக்குள்ளே பகல் ஒரு மணிக்கு, நாற்பத்தொரு பேருக்கு என்று முடிவாக்கினாய். பூங்காக் கடைதான் உன்னைப் படாதபாடு படுத்தியது. ஹலால் கோழிக்கு உத்தரவாதம் இல்லை என்றதும் மீனுக்கு மாறினாய். மீன் பொரிக்கிற தாச்சி வேறாக வேண்டும் என்றாய். செல்வராணி சனிக்கிழமையில் மச்சம் மாமிசம் தின்னமாட்டாள், அவளுக்குக் கத்தரிக்காய் தனி எண்ணெயில் என்றாய். மூன்று தரம் கோல் எடுத்து, மூன்று தரமும் கதைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதினாய். லுஹர் தொழுகையை முடித்துவிட்டு நேரே மேசைக்குப் போகக்கூடியதாகத்தான் ஒரு மணி.

விடிகாலை சுபஹோடு பஸ் எடுத்தோம். யுத்த நேரத்தில் அந்தப் பாதையில் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து போய் மறுபடி ஏறினோம். அன்று பஸ் நிற்கவேயில்லை. மஹியங்கனைக் கடையில் மேசைகள் துடைத்து, தண்ணீர் வைத்து நமக்காகக் காத்திருந்தன. கடைக்காரர் வாசலுக்கு வந்து, "கல்முனை ஆக்களா, வாங்க வாங்க" என்றார். நீ எல்லாரையும் இருத்திவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். மாவனல்லையிலும் ஒரு குறை இல்லை. உனக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை.

மறுநாள் பூங்காவில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கித் தோல் சிவந்து, லுஹர் முடித்து, பசியோடு கடைக்குப் போனோம். வாசலில் நின்ற மேற்பார்வையாளர் உள்ளே கையைக் காட்டினார். எல்லா மேசையிலும் ஏதோ ஒரு கந்தோரில் வேலை செய்கிற ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நம்முடைய பெயர் அவருடைய புத்தகத்தில் இல்லை. ஆனால் சமையலறையில் சாப்பாடு தயாராம். பார்சல் கட்டித் தரலாம், பக்க ஜன்னலில் வரிசையாக வந்து வாங்கிப் புல்லில் இருந்து சாப்பிடுங்கள் என்றார். மனுசர் மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை மச்சி. சின்னது முன்னுக்கு, பெரியது பின்னுக்கு, ஒருவர் தோளில் ஒருவர் கை. முகாமில் பழகிய அதே ஒழுங்கு. உன் ஹஸ்னா நடுவில் நின்றாள். பின்னால் தாய்மார் சேர்ந்தார்கள். இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்: அந்த வரிசையில் நானும் போய் நின்றேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். உன் முகம் அப்படி மாறியதை அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் கண்டிருக்கிறேன்.

"எல்லாரும் வாங்க இஞ்சால. வரிசைய விடுங்க" என்றாய்.

"புள்ளைகள் பசியில மச்சி. எடுப்பமே, சோறு சோறுதானே" என்றேன்.

"ஓம், பசிக்கும். கொஞ்சம் பசிக்கட்டும். வந்து நிழல்ல இரிங்க."

செல்வராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட ரோசத்துக்கு என்ட புள்ள பட்டினி கிடக்கணுமா?" என்று கேட்டாள். நீ கோபப்படவில்லை. பையிலிருந்து வாழைப்பழச் சீப்பையும் பிஸ்கட்டையும் எடுத்து அவள் மடியில் வைத்தாய். "அரை மணித்தியாலம் தாங்க செல்வராணி. அதுக்குள்ள ஏலாட்டி நானே வரிசையில முதல் ஆளா நிக்கிறன்."

பிறகு உன் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன். அடுப்படியில் பாடமாக்கிய சிங்களத்தில், மேசை ஒதுக்கியிருக்கிறோம், மேசை வரும்வரை நிற்கிறோம் என்று சொன்னாய். மூன்று நாளும் கதைத்த மூவரின் பெயரையும் வாசித்தாய். மேற்பார்வையாளர் உள்ளே ஆள் அனுப்பினார். மூவரில் ஒருவர் லீவு, ஒருவரைக் காணவில்லை. மூன்றாவது பெயர்க்காரர் வெளியே வந்தார். அவர் சமையற்காரர். நரைத்த மீசை, தோளில் துவாய்.

"தாச்சி வேறாகக் கேட்டது நீங்களா?" என்று உன்னிடம் கேட்டார். நீ ஓம் என்று தலையாட்டினாய். அவர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். புதுத் தாச்சி எடுத்து, விடியவே வந்து பொரித்திருக்கிறேன், ஒரு அம்மாவுக்குக் கத்தரிக்காய் தனியாகச் செய்திருக்கிறேன், இது பார்சலுக்குச் சமைத்த சாப்பாடு இல்லை, பீங்கானில்தான் போகும் என்றார். உள்ளே இடமில்லையே என்றார் மற்றவர். "மேசைக்கு வெளியே வரத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, சமையற்காரரே சுவரோரம் அடுக்கியிருந்த மேசைகளில் ஒன்றின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

கும்புக் மரத்தடியில் மேசைகள் வரிசையாக வந்தன. வெள்ளைத் துணி விரித்தார்கள். கதிரை, பீங்கான், கண்ணாடித் தம்ளர் எல்லாம் வந்தன. ஒவ்வொரு மேசையிலும் சிங்களத்தில் எழுதிய ஒரு சின்னப் பலகை. ஹஸ்னா அது என்ன என்று கேட்டாள். "இது எங்களுக்கெண்டு வெச்ச இடமாம். வேற ஒருத்தரும் இரிக்க ஏலாதாம்" என்றாய். அவள் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தம்ளர்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பரிமாறுகிறவர் வந்து நிரப்பினார். மறுபடி குடித்தாள். அவர் மறுபடி வந்தார். மூன்றாம் தரம் எல்லாப் பிள்ளைகளும் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

செல்வராணியிடம் ஒருவர் குனிந்து, இன்னும் ஏதும் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை. நீ சொன்னதும், பீங்கானைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாள். "கொஞ்சம் பருப்புக் கேளுங்க" என்றாள். வந்தது. கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து, "எண்ணெய் புதுசுதான்" என்றாள். உனக்கு அவள் சொன்ன மன்னிப்பு அது. நீ அப்படித்தான் எடுத்துக்கொண்டாய்.

நாற்பது பேரும் தின்னத் தொடங்கிய பிறகுதான் நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் வரிசையில் நின்றதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு மாங்காய்ச் சட்னி கேட்டாய். அவர் எடுக்கப் போனதும், "எனக்கு வேணாம். கேட்டுப் பாக்கணும்போல இரிந்திச்சு" என்று என் காதில் சொன்னாய். நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நம் பகுதியில் எந்தப் பள்ளிக்கூடம் சுற்றுலா போனாலும் சாப்பாட்டு ஒழுங்கு உன்னிடம்தான் வந்தது. அதிபர்மாரே கேட்டு வருவார்கள். யாரும் கேட்காமலே எத்தனை இடத்தில் பிள்ளைகளை மேசையில் இருத்தினாய். வருத்தம் வந்து படுத்த பிறகும் தலைமாட்டில் கொப்பி இருந்தது. நீ மௌத்தாகிக் கண்மூடிய அன்று, உன் ஜனாஸாவுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நான் யார் என்று தெரியாது. உன்னை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தி அழுதுகொண்டு, "என்னக் கடையில இரித்தி, என்ன வேணும் எண்டு முதல் முதல் கேட்டவங்க" என்றாள்.

எனக்கு மேடையில் பேசத் தெரியாது மச்சி. தெரிந்தால் ஊர் கேட்கச் சொல்லியிருப்பேன். கடல் நம்மிடம் எடுத்தது எவ்வளவோ. அது எடுக்காத ஒன்றை நீ வைத்திருந்தாய். அதை நாற்பது பேருக்குப் பங்கும் வைத்தாய்.

போன மாதம் உன் காக்காவின் கண்ணைக் காட்டக் கண்டிக்குப் போனோம். பகல் சாப்பாட்டுக்கு நானே ஒரு கடைக்குக் கோல் எடுத்து, உன்னிடம் கேட்டுப் பாடமாக்கிய அந்தச் சிங்களத்தில் மேசை கேட்டேன். யாருடைய பெயரில் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். கொஞ்ச வருடமாக அப்படித்தான் செய்கிறேன். உன் காக்கா பக்கத்திலிருந்து, "மௌத்தானவட பேரையா குடுக்கிற?" என்றார். "ஓம்" என்றேன்.

கடை வாசலில் நின்றவர் தன் தாளைப் பார்த்து, உன் பெயரை முழுதாக, எல்லாருக்கும் கேட்க வாசித்தார்.

"ஓம்" என்றேன். "நாங்கதான்."